டியர்பார்னில் நிற்கும் புகாட்டி ரொயால்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் நகரின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள், அங்குள்ள 1931ஆம் ஆண்டு புகாட்டி ரொயால் காருக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் பரிந்துரை. பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று யோசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

புகாட்டி நிறுவனத்தை நிறுவிய எட்டோரே புகாட்டி, ஐரோப்பிய அரசர்கள் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில் வடிவமைத்த கார் இது. இருபத்தைந்து கார்கள் செய்யத் திட்டமிட்டார். பொருளாதாரப் பெருமந்தம் வந்து சேர, உருவானவை ஏழு மட்டுமே, அவற்றில் வெளியாருக்கு விற்றவை மூன்று. விற்காமல் எஞ்சிய எஞ்சின்கள் பிரெஞ்சு ரயில் பெட்டிகளை இழுக்கப் பயன்பட்டன. ஏறத்தாழ 12.7 லிட்டர் கொள்ளளவும் வரிசையாக எட்டு சிலிண்டர்களும் கொண்ட அந்த எஞ்சினை நேரில் கண்டால், அது ரயிலுக்குப் போனதில் வியப்பு இருக்காது.

டியர்பார்னில் இருப்பது, விற்கப்பட்ட அந்த மூன்றில் ஒன்று. ஜோசஃப் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் இதை வாங்கி, மியூனிக்கின் லுட்விக் வைன்பெர்கர் பட்டறையில் திறந்த கூரையுடைய கேப்ரியோலே பாடி (காரின் மேற்கூடு) கட்டச் செய்தார். 1932இல் கறுப்பும் மஞ்சளுமாக அது தயாரானது. ஜெர்மனியில் அரசியல் நிலைமை மோசமானபோது அவர் நாட்டை விட்டு வெளியேறி, இத்தாலி, ஜப்பான் வழியாக 1937 வாக்கில் நியூயார்க் சென்றடைந்தார். மூன்று டன்னுக்கும் மேல் எடையுள்ள இந்தக் காரையும் உடன் கொண்டு சென்றார் என்பது எனக்கு இன்றும் நம்பமுடியாததாகவே இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் இருந்த தண்ணீர் உறைந்து விரிந்ததில், சிலிண்டர்களைத் தாங்கும் பிளாக்கே விரிசல் விட்டுப்போனது. புதிதாக 43,000 டாலர் விலை கொண்ட கார் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

1940களில் அதை அங்கிருந்து சுமார் 400 டாலருக்கு மீட்டவர் சார்ல்ஸ் செய்ன். ப்யூக் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்து, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸின் பொறியியல் துறைத் துணைத் தலைவரானவர். பழுதுகளைச் சரிசெய்ததோடு அவர் நிற்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் ஒன்றே இருந்த இடத்தில் நான்கைப் பொருத்துவதற்காக, அந்தக் கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் புதிய இன்டேக் மேனிஃபோல்ட் ஒன்றையே உருவாக்கினார். கறுப்பு மஞ்சளை நீக்கிவிட்டு, சிப்பி வெள்ளையும் கரும்பச்சையும் பூசினார்.

இந்த மாற்றங்களைக் குறை சொல்பவர்கள் உண்டு. நானும் முதலில் அவர்கள் பக்கமே இருந்தேன். காரின் முன் நின்று பார்த்தபின் என் கருத்து மாறியது. கார்புரேட்டர் மாற்றம், காரைச் சாலையில் ஓட்ட விரும்பிய ஒரு பொறியாளரின் முடிவு என்பதால் அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நிறத்தை மாற்றியதற்கு அப்படி ஒரு காரணம் சொல்ல முடியாது. அது வெறும் ரசனை, கறுப்பில் இந்தக் கார் இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வெள்ளையாகவே வாழ்ந்துவிட்ட காரை இப்போது மீண்டும் கறுப்பாக்கினால், காயலான் கடையிலிருந்து அதைக் காப்பாற்றியவரின் கைத்தடம் அழிந்துபோகும். அருங்காட்சியகம் அதை அப்படியே விட்டுவைத்திருப்பது மிகச் சரியான முடிவு.

இன்னொன்றும் உண்டு. விற்கப்பட்ட மூன்றில் அர்மாண்ட் எஸ்டர்ஸ் என்பவர் வாங்கிய ரொயால், முகப்பு விளக்கே இல்லாத அழகிய ரோட்ஸ்டர், அதாவது இருவர் அமரும் திறந்த கார். அடுத்த உரிமையாளரிடம் போனபோது அந்தப் பாடியைக் கழற்றி வேறொன்றைக் கட்டிவிட்டார்கள். வைன்பெர்கர் கட்டிய பாடியோ இத்தனை கடல் கடந்தும், குப்பையில் கிடந்தும், அதே சேஸியின் (அடிச்சட்டத்தின்) மேல் இன்றும் இருக்கிறது.

செல்பவர்கள் முதலில் பக்கவாட்டில் நின்று, முன்சக்கரத்திலிருந்து ஓட்டுநர் இருக்கைவரை நீளும் பானட்டைப் பாருங்கள். பிறகு முன்னே வந்து, ரொயால்களின் ரேடியேட்டர் மூடிக்கென்றே உரிய, எட்டோரேயின் மறைந்த தம்பி ரெம்ப்ராண்ட் வடித்த நிமிர்ந்து நிற்கும் யானையைப் பாருங்கள். கடைசியாகத் தகவல் பலகையைப் படியுங்கள்: எடை 7,035 பவுண்டு, 300 குதிரைத்திறன், அதன்கீழே, சார்ல்ஸ், எஸ்தர் செய்ன் தம்பதியரின் அன்பளிப்பு.