மலையை இறக்க மூவர்ஸ் போதாது: மாடல் ரயில் கிளப்பைக் காலி செய்தபோது பார்த்த சர்வீஸ், ஒரு ரிவ்யூ

மாடி வீட்டைக் காலி செய்து பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் இறக்க வேண்டும் என்றால் நாங்கள் கூப்பிட்ட பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸை நீங்களும் தாராளமாகக் கூப்பிடலாம், நேரத்துக்கு வந்து சுத்தமாக வேலை செய்கிறார்கள். இறக்க வேண்டியது தண்டவாளமும் ஆறும் மலையும் ஒட்டிய எட்டடிப் பலகை என்றால் முதலில் ஒரு நல்ல ஆசாரியைப் பிடியுங்கள், அட்டைப்பெட்டிக்குள் போகிற சாமானுக்கு மட்டும் மூவர்ஸ் போதும். கம்பெனி பேரைப் போடவில்லை. வேறு எந்தக் கம்பெனி வந்திருந்தாலும் முக்கால்வாசி இதே கதைதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் ஒருத்தரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டு மாடி ஹாலில் வெகுகாலமாக எங்கள் மாடல் ரயில் கிளப் ஓடிக்கொண்டிருந்தது. கிளப் என்றதும் போர்டு, ரிஜிஸ்டர், தலைவர், செயலாளர் என்று நினைக்க வேண்டாம். ரிட்டயர்டான ரயில் டிரைவர் ஒருத்தர் (எங்களுக்கு டிரைவர் சார்), ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பேங்கில் இருக்கிற நான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைகாட்டும் காலேஜ் பையன்கள், அவ்வளவுதான். வீட்டுக்கார ஐயா காலமான பிறகு பாகப்பிரிவினை வந்தது, பிள்ளைகள் இடத்தை விற்க முடிவு செய்துவிட்டார்கள், வாங்குகிறவர் கட்டடத்தை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார். அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, ஆறு மாசம் டைம் கொடுத்தார்கள், கடைசி வரை வாடகையை ஏற்றவும் இல்லை.

ஹாலில் இருந்தது பழைய மீட்டர் கேஜ் காலத்துத் திருநெல்வேலி-செங்கோட்டை லைன். எச்ஓ ஸ்கேல், அதாவது 87ல் ஒரு பங்கு. நம் ஊர் ஆட்கள் இந்த ஸ்கேலில் மீட்டர் கேஜை எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற, இரண்டு கம்பிக்கும் இடையில் 16.5 மி.மீ. உள்ள தண்டவாளம் வெளிநாட்டு 1,435 மி.மீ. பாதைக்குக் கணக்குப் பார்த்துச் செய்தது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ., 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேலே வரும், அதனால் நம் ஊர் வண்டியை அந்தப் பாதையில் நிறுத்தினால் கால் ஒடுங்கித் தெரியும். மீட்டர் கேஜுக்கு (1,000 மி.மீ.) 11.5 மி.மீ.தான், பெக்கோ போன்ற கம்பெனிகள் விற்கிற 12 மி.மீ. பாதை அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். ஒரு கஜ நீளத் துண்டுகளாக வரும், இங்கே கடையில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஆகிற செலவைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் சுமார் 72 கி.மீ. அதை 87ஆல் வகுத்தாலும் 800 மீட்டருக்கு மேல் வரும், எந்த ஹாலும் தாங்காது. அதனால் கல்லிடைக்குறிச்சி, நடுவில் தாமிரபரணிப் பாலம், அம்பாசமுத்திரம், அப்புறம் ஒரே தாவலில் செங்கோட்டை, அதற்கு மேலே மலை, ஆரியங்காவு குகை, கழுதுருட்டிப் பக்கத்துப் பதின்மூன்று கண் (வளைவு) பாலம், இவ்வளவுதான் கட்டினோம். வயல் நாற்றெல்லாம் பத்தமடைப் பாய்க்காரர்களிடம் வாங்கிய கழிவுக் கோரை, நறுக்கிப் பச்சை அடித்தது. கைகாட்டி மரங்கள் டிரைவர் சார் சைக்கிள் கம்பியில் செய்தது. 2010ல் செங்கோட்டை-புனலூர் மீட்டர் கேஜை நிறுத்தினார்கள், 2012ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரை அகலப்பாதை வந்தது, 2018ல் புனலூர் பக்கமும் அகலப்பாதையில் வண்டி ஓட ஆரம்பித்தது. ஆக, போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்ள அசல் இப்போது இல்லை, பழைய போட்டோக்களும் டிரைவர் சார் ஞாபகமும்தான்.

சரி, சர்வீஸுக்கு வருகிறேன். எஸ்டிமேட் போட வந்த சூப்பர்வைசர் தம்பி ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "சார், இது ஃபர்னிச்சரா, டாய்ஸா? லிஸ்ட்ல எதுல போடட்டும்?" என்று. சிரித்தோம், ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் ஃபாரத்தில் மூன்றாவது கட்டம் கிடையாது. ஃபர்னிச்சர் என்றால் கன அடிக் கணக்கு, டாய்ஸ் என்றால் பெட்டிக் கணக்கு. அவர் டாய்ஸ் என்று போட்டார். வழியில் உடைந்தால் கிடைக்கும் இன்சூரன்ஸுக்கு, நாம் சொல்லும் மதிப்பில் 3 சதவீதம் தனியாகக் கட்டச் சொன்னார்கள். கட்டத் தயார்தான், ஆனால் அந்த மதிப்புக்குப் பில் வேண்டுமாம். ரயில் இன்ஜினுக்குச் சிலதுக்குப் பில் இருந்தது. மலைக்கு யார் பில் தருவார்? பழைய பேப்பர், சிக்கன் மெஷ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள், இதற்கு என்ன விலை போடுவது என்று அந்தத் தம்பிக்கும் தெரியவில்லை, பாவம். கடைசியில் இன்ஜின், பெட்டி, கன்ட்ரோலர்களுக்கு மட்டும் இன்சூரன்ஸ். மொத்த எஸ்டிமேட் 38,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஊருக்குள் மூன்று நாலு கி.மீ. தள்ளிப் போவதற்கு இது அதிகம். வேறு இரண்டு இடத்தில் கேட்டதும் இதே சுமார்தான் வந்தது.

பேக்கிங்குக்கு முழு மார்க். இன்ஜின்களைத் தொட வந்த பையன் கையைத் துடைத்துவிட்டு வந்தான், அங்கேயே பாதி மனசு நிறைந்துவிட்டது. ஒவ்வொரு ஒய்டிஎம்4 (மீட்டர் கேஜ் டீசல்) இன்ஜினையும் முதலில் டிஷ்யூ பேப்பர், அதற்கு மேல் மெல்லிய ஃபோம், அப்புறம்தான் பபிள் ராப் என்று சுற்றினான். பபிள் ராப் நேரடியாகப் பட்டால் வெயிலில் பெயின்ட்டில் வட்ட வட்டமாகத் தடம் விழும், இதை நாங்கள் சொல்லித் தரவில்லை, அவனுக்கே தெரிந்திருந்தது. ரயில் பெட்டிகளைச் சக்கரம் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்து அடுக்கி, அட்டைப்பெட்டி மேல் எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டு, நம்பர் எழுதி, லிஸ்டில் ஏற்றி, எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். புது இடத்தில் பிரித்தபோது ஒரு கப்ளிங் கொக்கிகூட வளையவில்லை.

பிரச்சினை பலகையில் ஆரம்பித்தது. அந்த வீட்டுப் படிக்கட்டு பழங்காலத்துப் படிக்கட்டு, நடுவில் திரும்பும், திருப்பத்தில் எட்டடிக்கு நாலடிப் பிளைவுட் எந்தக் கோணத்திலும் திரும்பாது. லோடுமேன்கள் நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், அப்புறம் அவர்களில் மூத்தவர் ரொம்ப யதார்த்தமாக, "ரெண்டா அறுத்துறலாம் சார்" என்றார். எங்கே அறுப்பது, எதால் அறுப்பது என்று அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, பேக்கிங் முடிந்த பெட்டிகளை மட்டும் அனுப்பினோம். பலகையில் கழற்றித் தனியாக எடுக்கக்கூடியது பதின்மூன்று கண் பாலம் மட்டும்தான், அதையும் அன்றைக்கே கொடுத்துவிட்டோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் மேலப்பாளையம் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருத்தரைக் கூட்டி வந்தோம். கட்டில், நிலை, கதவு என்று செய்கிறவர், மாடல் ரயிலை வாழ்க்கையில் பார்த்ததில்லை. வந்தவர் மேலே ஒன்றையும் பார்க்கவில்லை, நேரே குனிந்து பலகைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சட்டம் எங்கே போகிறது, ஆணியா ஸ்குரூவா, ஒயர் எங்கே குறுக்கே ஓடுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "அண்ணாச்சி, கட்டுனவரு மறுபடி கழட்டணும்னு நெனச்சுக் கட்டலயே" என்றார். வீட்டை விட்டுப் போவோம் என்று நினைத்து யார் மலை கட்டுவார்?

அவர் சொன்னபடி, அறுக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் அடியில் முதலில் புதுச் சட்டம் அடித்தோம். இது ரொம்ப முக்கியம், அறுத்த பிறகு சட்டம் அடித்தால் பலகை தொங்கி மேலே பிளாஸ்டர் வெடித்துவிடும். தண்டவாளம் எங்கள் பொறுப்பு. வெட்டும் கோட்டுக்கு இருபுறமும் பித்தளை ஸ்குரூ இறக்கி, அதன் தலையோடு தண்டவாளக் கம்பியைச் சால்டர் வைத்துப் பிடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சின்ன வெட்டுச்சக்கரம் வைத்துக் குறுக்கே வெட்ட வேண்டும். இல்லையென்றால் வெட்டிய நொடியில் முனை விலகிவிடும், அப்புறம் எத்தனை தடவை சேர்த்தாலும் அந்த இடத்தில் வண்டி தடம் புரளும். ஒயர்களுக்கு இரண்டு முனையிலும் ஒரே நம்பர் ஒட்டி நறுக்கினோம், காலேஜ் பையன்கள் இதில் கெட்டி.

இறக்கியது பால்கனி வழியாக, கயிறு கட்டி. ஆடி மாசம், பத்து மணிக்கு மேல் காற்று எழும்பினால் பலகை பட்டம் மாதிரி இழுக்கும் என்று ஆசாரி விடியற்காலையே வரச் சொல்லிவிட்டார். கயிறு பிடிக்கத் தெருவிலேயே ஆள் சேர்ந்துவிட்டது. ஆனித் தேருக்கு வடம் பிடிக்கிற ஊரில் கயிறு பிடிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே குட்டியானை நின்றது, அதன் தொட்டி ஏழடிதான், அறுத்த பிறகு நாலடித் துண்டுகள் அதில் படுத்துப் போயின. ஆசாரிக்கு நாள் கூலி 1,200, உதவியாளுக்கு 800, வண்டிக்கு நடை ஒன்றுக்கு 700. மூவர்ஸ் கேட்டதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது பிழைத்தது என்று கேட்பவர்களுக்காக: ஸ்குரூவில் நின்றது எல்லாம் வந்துவிட்டது, பசையில் நின்றதில் பாதி வந்தது. ஜல்லியைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டுவதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பட்டி பார்க்கிற தகட்டை அடியில் கொடுத்து மெதுவாக நெம்பினால் தண்டவாளம் எழும்பி வரும். வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்கள் அத்தனையும் முழுசாக வந்தன, அசைகிற நாக்குப் பக்கம் யாரும் பசை வைப்பதில்லை, அதுதான் காரணம், விலையிலும் அதுதான் கூடுதல், அதனால் பெரிய ஆறுதல். மலை வரவில்லை. 2023 டிசம்பர் மழையில் சுவரோரம் ஈரம் இறங்கி அடியில் பிளைவுட் ஏற்கெனவே உப்பியிருந்தது, தூக்கியதும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. ஆரியங்காவு குகை வாயை மட்டும் வாத்தியார் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை.

இப்போது பாலம். கண்ணைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடிப்பலகையோடு தூக்குங்கள் என்று சொல்லியிருந்தோம். வண்டியிலிருந்து இறக்கும்போது ஒருத்தர் வளைவுக்குள் கையை விட்டுத் தூக்கியிருக்கிறார், நாலாவது கண்ணில் முறிந்தது. மதியம் போன் செய்தபோது சூப்பர்வைசர் வருத்தம் சொன்னார், ஆனால் ஆபீசில் இருந்து வந்த பதில், "லிஸ்டில் டாய்ஸ் என்று இருக்கிறது, பில் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை". எனக்குக் கோபம் வந்தது. டிரைவர் சாருக்கு வரவில்லை. "நெசப் பாலத்துமேலயே மீட்டர் கேஜ் போயாச்சு, இதுக்குப் போயி ஏன்வே சங்கடப்படுதீரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இது நமக்கு மட்டும் வருகிற தலைவிதி இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1946ல் ஆரம்பித்த மாணவர் ரயில் கிளப் ஒன்று (டெக் மாடல் ரெயில்ரோட் கிளப்) இருக்கிறது, கம்ப்யூட்டர் ஆட்களுக்கு அந்தப் பேர் பழக்கமாக இருக்கும். அவர்கள் இருந்த 20ஆம் எண் கட்டடத்தை 1998ல் இடித்தபோது அவர்களும் பழைய லேஅவுட்டை விட்டுவிட்டு வேறு கட்டடத்தில் புதிதாகத்தான் கட்டினார்கள். அவ்வளவு பெரிய மூளைக்காரர்களுக்கே வேறு வழி கிடைக்கவில்லை. இதற்கு மாற்றாக 1970களில் கலிபோர்னியாவில் என்ட்ராக் என்று ஒரு முறை வந்தது, நாலடிக்கு இரண்டடித் துண்டு துண்டாக எல்லாரும் ஒரே அளவில் செய்து, வேண்டும்போது சேர்த்து வேண்டாதபோது கழற்றிக்கொள்வது. நாங்களும் இனி அப்படித்தான், ஆசாரியிடம் நாலுக்கு இரண்டு சட்டங்களுக்குச் சொல்லியாகிவிட்டது, போல்ட் நட்டு மட்டும்தான்.

புது இடம் மகாராஜநகர் பக்கம், தரைத்தளம். இதற்கு முன் பார்த்த ஒரு ஹாலில், 2023 வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கேட்டோம், சுவரில் இடுப்புயரத்தில் கோடு காட்டினார்கள், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

ஆக, மூவர்ஸுக்கு ஐந்துக்கு மூன்று. பேக்கிங் பையனுக்கு மட்டும் தனியாக ஐந்து. பலகை வேலை குறைந்ததற்காகப் பில்லில் 11,000 குறைத்தார்கள், பாலத்துக்காக ஒரு பைசாவும் குறைக்கவில்லை. நீங்கள் கூப்பிட்டால் எஸ்டிமேட் போடும்போதே கூட நின்று, கையால் செய்த சாமானுக்கெல்லாம் போட்டோ எடுத்து, நீங்களே ஒரு மதிப்பு எழுதி, அந்தத் தாளில் அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். டாய்ஸ் என்று எழுத விடாதீர்கள்.