உறைபனிக் காலையில் காலுக்கு எது? கம்பூட், கேன்வாஸ், தோல் ஷூ, செருப்பு

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைகுந்தா பக்கம் காலை ஆறு மணிக்குப் போனால், புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல் உறைபனி கிடக்கும். அந்தப் புல்லில் ரப்பர் செருப்போடு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். முதலில் விரல் நுனி எரியும், அப்புறம் மரத்துப் போகும். சமவெளியிலிருந்து இங்கே குடிவந்த முதல் குளிர்காலத்தில் ஸ்வெட்டர், குல்லா, மப்ளர் எல்லாம் வாங்கினோம். காலுக்கு வாங்க மறந்துவிட்டோம். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் எது எதற்கு ஆகும் என்று பிடிபட்டது.

கனமான ஷூ போட்டால் கால் சூடாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஷூ சூட்டை உண்டாக்குவதில்லை. ரத்தம் கொண்டுவரும் சூட்டை வெளியே போகவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதையும் செய்வது பெரும்பாலும் காலைச் சுற்றி அசையாமல் நிற்கும் காற்றுதான். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே எதை வாங்கினாலும் நான் கேட்பது இரண்டு கேள்விதான்: கால் உலர்ந்திருக்குமா? விரல் அசைய இடம் இருக்குமா?

கம்பூட்டை, அதாவது உயரமான ரப்பர் பூட்ஸை, எடுத்துக்கொள்வோம். விடியும் முன்பே கேரட் தோட்டத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு கதியில்லை. பனி படிந்த செடிகளுக்குள் நடந்தால் கேன்வாஸ் ஷூ ஐந்தே நிமிடத்தில் நனைந்து கனத்துவிடும். கம்பூட்டுக்குள் ஒரு சொட்டு இறங்காது. ஆனால் வெளி ஈரத்தை உள்ளே விடாத ரப்பர், உள் ஈரத்தையும் வெளியே விடாது. நாலு மணி நேர வேலைக்குப் பிறகு கழற்றி உள்ளே கையை விட்டால், பக்கமெல்லாம் பிசுபிசுவென்று நனைந்திருக்கும். அத்தனையும் வியர்வை. வேலை செய்யும்வரை தெரியாது. டீ குடிக்க உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கால் ஜில்லிட ஆரம்பிக்கும். விரலிடுக்கு வெளுத்து ஊறிப்போய், நாளடைவில் சேற்றுப்புண்ணும் வரும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் பாதம் கெட்டுப்போனது இந்த ஈரத்தாலும் குளிராலும்தான். அதற்குத் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர்கூடத் தேவைப்படவில்லை. நாள் தவறாமல் காலைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸ் மாற்றச் சொல்லி அப்போது ராணுவத்தில் உத்தரவே போட்டார்கள்.

எனவே கம்பூட் போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி சாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு, இடைவேளையில் கட்டாயம் மாற்ற வேண்டும். நூல் சாக்ஸைவிடக் கம்பளி சாக்ஸ் எவ்வளவோ மேல். நூல் ஈரத்தைக் குடித்துவிட்டுத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சுருள் இழைகளுக்கு இடையே காற்றை வைத்திருக்கும்.

கேன்வாஸ் ஷூ வெயில் ஏறிய பிறகு ஊருக்குள் நடக்க அருமையானது. லேசாக இருக்கும், வியர்வையும் தங்காது. பனிக்கும் மழைக்கும் ஆகவே ஆகாது. வலைத்துணி வைத்த ஸ்போர்ட்ஸ் ஷூவும் அப்படித்தான், காற்று நேராக விரலில் வந்து குத்தும். நனைந்துவிட்டால் அடுப்பருகே வைக்காதீர்கள், ஒட்டு விட்டுப்போகும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் மறுநாள் போடலாம்.

தோல் ஷூவுக்குத்தான் என் ஓட்டு. வேலைக்கும் பஸ்ஸுக்கும் போய்வரும் ஆளுக்கு, கணுக்கால்வரை ஏறிய, அடித்தட்டு தடித்த தோல் ஷூவும் ஒரு கம்பளி சாக்ஸும் போதும். தோல் காற்றைத் தடுக்கும். வியர்வையையும் ஓரளவு வெளியே விடும். ஆனால் அளவு தவறினால் அத்தனையும் வீண். குளிருக்குப் பயந்து அளவான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போடுகிறார்கள். அது காலை நெருக்கி, காற்றுக்கும் இடமில்லாமல் ரத்த ஓட்டத்தையும் குறைத்து, ஒற்றை சாக்ஸைவிட அதிகமாகக் குளிர வைக்கும். கழற்றும்போது கணுக்காலில் சாக்ஸின் கோடு ஆழமாகப் பதிந்திருந்தால் அது இறுக்கம். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்து, குளிர்காலத்தில் போடப்போகும் அதே சாக்ஸோடு கடைக்குப் போய், விரல்களை மடக்கி நீட்ட முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்குள்ளே வேறு கதை. சிமெண்ட் தரை உள்ளங்கால் வழியே சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாதாரண ஹவாய் செருப்பு தேய்ந்து குதிகால் பக்கம் மெலிந்துவிட்டால் தரையில் நிற்பதுபோலத்தான். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் எம்.சி.ஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்கினோம். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் உணர்ச்சியற்ற தொழுநோயாளிகளின் பாதங்களைப் புண்ணாகாமல் காக்கப் பயன்படுத்திய ரப்பர் அது. புண் வராமலிருக்கத்தான் வாங்கினோம். வெதுவெதுப்பும் சேர்ந்து கிடைத்தது. அந்த ரப்பருக்குள் நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருப்பதால் தரையின் குளிர் மேலே ஏறுவதில்லை. கட்டைவிரல் வார் வைத்ததை வாங்காமல், மேலே ஒட்டும் பட்டையும் பின்பக்க வாரும் வைத்ததை வாங்கினால் கம்பளி சாக்ஸோடும் போடலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் காலைச் சூடேற்றக் கரி அடுப்புப் பக்கம் நீட்டவே கூடாது, வெந்நீர்ப் பையும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குத் தீப்புண் பட்டதுகூடத் தெரியாது. அம்மா இப்போது அடுப்பருகே உட்காரும்போதும் செருப்பைக் கழற்றுவதில்லை. ராத்திரி படுக்கும் முன் சாக்ஸை உருவி, டார்ச் அடித்து விரலிடுக்கு ஒவ்வொன்றையும் நான் பார்த்துவிடுகிறேன்.