இராமநாதபுரம் கடற்கரைக்கு ஏற்ற கிராவல் சைக்கிள்: ஒரு மதிப்புரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு மெல்லிய டயர் பூட்டிய ரோடு சைக்கிளே போதும். நம் மாவட்டத்தின் சமதரையில் அதை விஞ்சும் வேகம் வேறு வண்டிக்கு வராது. ஆனால் தார்ச்சாலையை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையின் கிராவல் பாதையிலும், வாலிநோக்கம் உப்பளங்களை ஒட்டிய மண் தடத்திலும், பனைகளுக்கு ஊடே மீனவ ஊர்களுக்குப் பிரியும் ஒற்றைப் பாதையிலும் ஓட்ட விரும்புகிறவர், ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருந்தால், சரளைப் பாதைக்கென அகல டயரோடு செய்யப்படும் கிராவல் சைக்கிளையே வாங்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. இங்கே நான் மதிப்பிடும் வண்டி அலுமினியச் சட்டகம், முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க், 40 மி.மீ. அகலமுள்ள டியூப்லெஸ் டயர்கள், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம் ஆகியவற்றைக் கொண்டது. ஏறக்குறைய இதே அமைப்பில் பல நிறுவனங்கள் வண்டி விற்கின்றன என்பதால், நிறுவனத்தின் பெயரைவிட அமைப்பைப் பற்றிப் பேசுவதே வாங்குகிறவருக்குப் பயன்படும். கடும் கோடையிலும், மேலைக் காற்றான கச்சான் வீசும் மாதங்களிலும், ஐப்பசி மழைக்குப் பிந்திய சேற்றிலும் இதை ஓட்டிய பிறகே எழுதுகிறேன்.

ரோடு சைக்கிளில் பல ஆண்டு பழகியவர்கள் முதலில் கேட்பது, அந்தப் பழக்கமும் உடல்வலுவும் புதிய வண்டியில் வீணாகிவிடாதா என்பதுதான். இதற்குத் தொழில்முறை வீரர்களின் வாழ்க்கையே விடை சொல்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா நகரைச் சுற்றி நடக்கும் அன்பவுண்ட் கிராவல் என்ற பந்தயம் 2006-இல் டர்ட்டி கான்ஸா என்ற பெயரில் தொடங்கியது. அதன் முதன்மைப் பிரிவின் தூரம் 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ. ஐரோப்பியச் சாலைப் பந்தயங்களில் ஓடிவிட்டு 2015-இல் ஓய்வு பெற்ற டெட் கிங், அடுத்த ஆண்டே இந்தப் பந்தயத்தை வென்றார்; 2018-இல் மீண்டும் வென்றார்.

அவரைவிட என்னை அதிகம் ஈர்த்தவர் இயன் பாஸ்வெல். டீம் ஸ்கை என்ற சாலைப் பந்தய அணியில் பல ஆண்டுகள், தன் வெற்றிக்காக அல்லாமல் அணித் தலைவருக்காக உழைக்கும் துணை வீரராக ஓடியவர் அவர். பின்னர் கட்டூஷா அணிக்கு மாறி 2018-இல் பிரான்ஸைச் சுற்றி நடக்கும் டூர் டி பிரான்ஸ் சாலைப் பந்தயத்தில் ஓடினார். 2019-இல் இத்தாலியின் டிரேனோ அட்ரியாட்டிகோ பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டதோடு அவருடைய சாலைப் பந்தய வாழ்க்கை முடிவுக்கு வந்தது. அதே மனிதர் 2021-இல் அன்பவுண்ட் பந்தயத்தின் கடைசி மீட்டர்களில் லாரன்ஸ் டென் டாமை முந்தி முதலிடம் பெற்றார். டென் டாமும் சாலையிலிருந்து வந்தவர்தான். 2014 டூர் டி பிரான்ஸில் ஒன்பதாம் இடம் பெற்றவர். ஆக, நீண்ட தூரம் தாங்கும் நெஞ்சும் காலும் எந்தத் தரையிலும் கூடவே வருகின்றன. புதிதாகக் கற்க வேண்டியவை டயர், காற்றழுத்தம், ஆளில்லாத இடத்தில் தானே பழுது பார்த்துக்கொள்ளும் பயிற்சி ஆகிய மூன்றும்தான், நம் கடற்கரையிலும் வண்டியை மதிப்பிட வேண்டியது இந்த மூன்றை வைத்துத்தான்.

முதலில் டயரும் காற்றழுத்தமும்; இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ரோடு சைக்கிளின் 25 அல்லது 28 மி.மீ. டயருக்கு 80 பிஎஸ்ஐ அளவில் காற்று நிரப்பிப் பழகியவருக்கு, 40 மி.மீ. டயரில் 35 பிஎஸ்ஐ போதும் என்பதை மனம் ஏற்கச் சில வாரங்கள் ஆகும். அழுத்தம் கூடினால் வண்டி வேகமாகப் போகும் என்ற எண்ணம் வழவழப்பான தாரில் ஓரளவு சரி. சரளைக்கல் துருத்திய பாதையில் அது முற்றிலும் தவறு. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்குகிறது. அந்தத் தூக்கலில் ஓட்டுகிறவரின் உழைப்புதான் கரைகிறது. அழுத்தம் குறைந்த அகல டயர் கல்லின் வடிவத்துக்கு ஏற்ப உள்வாங்கி, முன்னோக்கிய வேகத்தைக் காக்கிறது. சுமார் 70 கிலோ எடையுள்ளவர் கண்மாய்க் கரைச் சரளைக்கு முன்னால் 33, பின்னால் 36 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கி, தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மணல் கலந்த தடமென்றால் இரண்டிலும் ஐந்து குறைக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: உலர்ந்த கடல் மணலில் இந்த வண்டி ஓடாது. தனுஷ்கோடிச் சாலையில், இருபுறமும் விரியும் மணலைப் பார்த்து ஆசைப்பட்டு இறங்குகிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருக்கும். அரிச்சல்முனை வரை 2017-இல் திறக்கப்பட்ட தார்ச்சாலை நன்றாகவே இருக்கிறது. அதிலேயே செல்வதுதான் வண்டிக்கும் நல்லது, அந்த மணல் மேடுகளுக்கும் நல்லது.

நம் மாவட்டத்தில் டயரின் உண்மையான பகை கல் அன்று, சீமைக் கருவேல முள். வெட்டிய கிளைகளைப் பாதையோரம் இழுத்துச் செல்லும் எல்லா ஊர்களிலும் முள் சிதறிக் கிடக்கிறது. டியூப் போட்ட மெல்லிய டயரில் அந்த வழிகளில் பஞ்சர் இல்லாமல் வீடு திரும்புவது அரிது. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றப்படும் லேட்டக்ஸ் பால், முள் குத்திய நுண்துளையில் காற்றோடு வெளியே பீறிட்டு, அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. பல சமயம் குத்தியதே தெரியாது, வீட்டில் கழுவும்போதுதான் ஒடிந்த முள் முனை கண்ணில் படும். அன்பவுண்ட் நடக்கும் கான்சஸின் பிளின்ட் ஹில்ஸ் பகுதியில் கூரிய தீக்கல் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கிறது. அந்தக் கிழிசலை இந்தப் பாலால் அடைக்க முடியாது. நம்முடைய முள் போடுவதோ சிறு துளை. எனவே இந்தத் தொழில்நுட்பம் அந்தப் பந்தயக் களத்தைவிட நம் கருவேலங்காட்டுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குறை என்னவென்றால், நம் வெயிலில் அந்தப் பால் விரைவில் காய்ந்துபோகிறது. குளிர்ந்த நாடுகளின் கணக்கை நம்பாமல், கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, தானே பழுது பார்த்துக்கொள்வது. சாலைப் பந்தயத்தில் பஞ்சரான வீரர் கையைத் தூக்கினால் அணியின் கார் வந்து வேறு சக்கரத்தைக் கொடுக்கும். கிராவல் பந்தயத்தில், குறிக்கப்பட்ட நிலையங்களுக்கு இடையில், வீரர் தன்னிடம் உள்ளதைக் கொண்டு தானே சமாளிக்க வேண்டும். வாலிநோக்கத்துக்கும் மூக்கையூருக்கும் இடையில் ஓட்டுகிறவரின் நிலையும் அதுதான். மோட்டார் சைக்கிளுக்கு டியூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் கடைகள் வழியில் இருந்தாலும், துளையில் செருகி அடைக்க அவர்களிடம் உள்ள தடித்த பிளக் இந்த டயருக்குப் பொருந்தாது. இந்தச் சக்கரத்தில் உள்ள மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அவர்களுடைய காற்றுக் குழாயும் நேரடியாகப் பொருந்தாது. ஆகையால் மெல்லிய பிளக், பித்தளை வால்வு அடாப்டர், ஒரு டியூப், கைப்பம்பு, செயின் இணைப்புக் கண்ணி ஆகியவை எப்போதும் சீட்டுப் பையில் இருக்க வேண்டும். வண்டியோடு இவற்றில் எதையும் தருவதில்லை என்பது விற்பனையில் உள்ள பெரிய குறை. அந்த அடாப்டர் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அது இல்லாமல் பெட்ரோல் பங்கில் காற்றுக்கூட அடிக்க முடியாது.

இனி உப்பு. வெளிநாட்டு மதிப்புரைகள் எதிலும் இதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை; நமக்கோ இதுதான் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அலுமினியச் சட்டகம் துருப்பிடிக்காது என்று சொல்லி விற்கிறார்கள். அது பாதி உண்மை. சட்டகத்தில் முடுக்கப்பட்ட எஃகுத் திருகுகள் உப்பு ஈரத்தில் அலுமினியத்தோடு இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. கார்பன் சீட் கம்பம் உள்ள வண்டியென்றால் இன்னும் கவனம் வேண்டும்; கார்பனும் அலுமினியமும் உப்புநீர் பட்டு ஒட்டியிருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, கம்பம் அசைக்க முடியாதபடி இறுகிவிடும். வாங்கிய அன்றே எல்லாத் திருகுகளையும் கழற்றிக் கிரீஸ் தடவியும், கம்பத்துக்குக் கார்பனுக்குரிய பசையைத் தடவியும் மீண்டும் பூட்டச் சொல்லுங்கள். ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள்கள் அலுமினியத்தில் இருந்தால் பித்தளைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். எடை சில கிராம் கூடும், சக்கரம் பல ஆண்டு நிற்கும். பாம்பன் பாலத்தில் காற்று வீசும் நாளில் சென்று வந்தாலே சட்டகத்தில் வெண்மையாக உப்புப் படிந்திருக்கும். அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றி, அழுத்தம் இல்லாமல் கழுவித் துடைத்து, செயினை உலர்த்தி எண்ணெய் விட வேண்டும். கிணற்றுத் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி வாளியாவது குடிதண்ணீராக இருக்கட்டும்.

பல்சக்கரங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. முன்னால் 40 பல்லும் பின்னால் 11 முதல் 42 வரையும் கொண்ட தொகுதி மலைக்காக வடிவமைக்கப்பட்டது. ஏற்றம் என்று சொல்ல பாம்பன் பாலத்தைத் தவிர ஒன்றும் இல்லாத இந்த நிலத்தில் முன்னால் 42 அல்லது 44 பல் இருப்பதே பொருத்தம். நமக்கு மலையின் இடத்தில் காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் கீழக்கரையிலிருந்து சாயல்குடி நோக்கி ஓட்டுகிறவருக்குக் கச்சான் எதிரே நிற்கும். அகல டயரும் நிமிர்ந்து உட்காரும் நிலையும் உள்ள இந்த வண்டி அப்போது ரோடு சைக்கிளைவிடத் தெளிவாகப் பின்தங்கும். சரளைப் பாதையில் ஒருவர் பின்னால் ஒருவர் நெருங்கி ஓட்டிக் காற்றை மறைத்துக்கொள்வதும் கடினம், ஏனெனில் முன்னால் வரும் குழி தெரியாது. கீழே விரிந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்து ஓட்டிப் பழகுவதுதான் வழி.

மிதியில் பூட்டிக்கொள்ளும் தனிக் காலணி இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். சாலை அணியில் இருந்துகொண்டே தனி நெடும்பயணங்களையும் மேற்கொண்ட ஆஸ்திரேலியர் லாக்லன் மோர்ட்டன், 2021-இல் டூர் டி பிரான்ஸின் முழு வழியையும், இடையே வீரர்கள் வாகனத்தில் கடக்கும் தூரங்களையும் சேர்த்துத் தனியாக ஓட்டி, பந்தயக் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பாகப் பாரிஸ் சேர்ந்தார். அதில் பெரும்பகுதி சாதாரண மிதியும் செருப்பும்தான். அவரே 2024-இல் அன்பவுண்ட் பந்தயத்தையும் வென்றார். சேறும் மணலும் மாறி மாறி வரும் நம் தடங்களில், அடிக்கடி இறங்கித் தள்ள வேண்டியிருப்பதால், சாதாரண மிதியே எனக்கு வசதியாக இருக்கிறது.

இத்தகைய வண்டிக்கு ஒரு லட்ச ரூபாயை ஒட்டிச் செலவாகும். ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று புகுந்துவிட்டால் எண்ணெய் மாற்றித் தரும் வசதிக்கு மதுரை வரை போக வேண்டியிருக்கலாம்; அந்த அலைச்சலை விரும்பாதவர், கம்பியில் இயங்கும் டிஸ்க் பிரேக் உள்ள மலிவான வகையை வாங்கி, மிச்சப்படும் பணத்தில் கடையில் வரும் டயரைக் கழற்றிவிட்டு முள் தாங்கும் தடிப்புள்ள நல்ல டியூப்லெஸ் டயர் பூட்டிக்கொள்ளலாம். வாங்கும்போது ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். குறைந்த விலை வண்டிகள் பலவற்றில் அது இருப்பதில்லை, பின்னால் மாற்றப் போனால் இரண்டு சக்கரத்தின் விலை சேர்ந்துவிடும்.