ஒரு லைன், நூற்றுக்கணக்கில் மெசேஜ்: பிபிஎஸ்ஸில் எப்படிப் படிப்பது?

திரையில் "மீதம் 43 நிமிடம்" என்று இருக்கும், நமக்கு ஒதுக்கிய நேரத்தில் மிச்சம். ஒரு மெசேஜைப் படித்து அடுத்ததைத் திறந்தால் 42. டயல்-அப் பிபிஎஸ்ஸில் (மோடம் வழியே ஃபோனில் கூப்பிட்டு மெசேஜ் படித்து எழுதும் கணினி அறிவிப்புப் பலகை, சுருக்கமாகப் 'போர்டு') குடியிருந்த யாருக்கும் அந்த எண் மறக்காது.

1993-ல் ஹூஸ்டனில் நாலு பேர் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். ஃபோன் லைன் ஒன்று. என் மேசையில் நொடிக்கு 2400 பிட் வேகத்தில் ஒரு மோடம். அங்கே உள்ளூர்க் கால் எவ்வளவு நேரம் நீண்டாலும் மாதக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும் என்பதால் காசு பிரச்சினை இல்லை. லைன்தான் பிரச்சினை. "பத்து மணிக்கு ஊருக்குப் போன் போடணும் தம்பி, அதுக்குள்ள லைனை விட்ரு" என்று மதுரைக்கார அண்ணன் சொல்லிவிட்டுப் போவார். சொல்ல மறந்து பக்கத்து அறையில் ரிசீவரை எடுத்துவிட்டால் திரை முழுக்கக் குப்பை எழுத்துகள் கொட்டி, இணைப்பு அறுந்துவிடும். பாதி தட்டிய பதில் போனது போனதுதான்.

மறுமுனையிலும் இதே நெருக்கடி. 1978 பிப்ரவரி 16-ல் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் திறந்த முதல் போர்டான சிபிபிஎஸ் முதல், வீட்டில் நடத்திய பெரும்பாலான போர்டுகள் ஒரு லைன், ஒரு ஆள் கணக்கில்தான் ஓடின. நான் உள்ளே உட்கார்ந்து நிதானமாகப் படிக்கிற ஒவ்வொரு நிமிடமும் வெளியே யாருக்கோ பிஸி டோன் கேட்கிறது. எந்த வழியில் படிக்கிறோம் என்பது நம் சௌகரியத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

லைனிலேயே படிப்பது

போர்டு நடத்த உதவும் பிசிபோர்டு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 'ஜே' தட்டி ஒரு கான்ஃபரன்ஸுக்குள், அதாவது ஒரு தலைப்புக்கான மெசேஜ் பகுதிக்குள் போகலாம். 'ஆர்', 'எஸ்' சேர்த்துத் தட்டினால் கடைசியாகப் படித்ததற்குப் பிறகு வந்தவை வரிசையாக வரும். 'ஒய்' நம் பெயருக்கு வந்ததைக் காட்டும். 'கே' நீக்கும். இதற்குத் தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம், டெர்மினல் புரோகிராம் இருந்தால் போதும்.

வேகக் கணக்கைப் பாருங்கள். 2400 மோடம் நொடிக்குச் சுமார் 240 எழுத்து தரும். 80 எழுத்து அகலம், 24 வரி கொண்ட முழுத்திரை நிரம்ப 8 நொடி ஆகும். பழகிய கண் அதற்கு முன்பே வாசித்து முடித்துக் காத்திருக்கும். பதில் எழுதுவது இன்னும் கடினம். வரி வரியாகத் தட்ட வேண்டும். மூன்றாவது வரியில் பிழை என்றால் அந்த வரி எண்ணைக் கொடுத்துத் திருத்த வேண்டும். அவசரத்தில் எழுதிய பதில்களில் கோபம் தூக்கலாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த வழிக்கு இருக்கும் பெரிய பலம் ஒன்றை, மெசேஜ்களை இறக்கிக்கொண்டு லைனை வைத்தபின் படிக்கும் ஆஃப்லைன் ஆட்கள் மதிப்பதில்லை. நீங்கள் பார்ப்பது போர்டின் அந்த நொடி நிலவரம். ஒருவர் கேட்ட கேள்விக்கு அரைமணிக்கு முன் வேறொருவர் பதில் சொல்லியிருந்தால் அது கண்ணில் படும், அதையே திரும்ப எழுத மாட்டீர்கள். எழுதியதற்கு வருந்தினால், இரவில் மெசேஜ்கள் மற்ற போர்டுகளுக்குக் கிளம்பும் முன் நீக்கிவிடலாம். உள்ளூர்க்காரர்கள் மட்டும் புழங்கும் சின்னப் போர்டில், திடீரென்று சிஸாப் (போர்டை நடத்துகிறவர்) குறுக்கே வந்து அரட்டையும் அடிப்பார்.

மூட்டை கட்டி எடுத்து வருவது: க்விக்

க்யூ, டபிள்யூ, கே என்ற மூன்று எழுத்து. வாயில் 'க்விக்' என்றே வரும். 1987-ல் மார்க் ஹெர்ரிங் பிசிபோர்டுக்காக எழுதிய க்யூமெயில் என்ற டோரோடு (போர்டுக்குள்ளிருந்து திறக்கும் துணைப் புரோகிராம்) வந்த வடிவம் இது. நீங்கள் தேர்ந்தெடுத்த கான்ஃபரன்ஸ்களில் புதிதாக வந்த எல்லாவற்றையும் டோர் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டித் தரும். ஸீமோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் இறக்கிக்கொண்டு லைனை வைத்துவிடலாம். வீட்டில் நிதானமாகப் படித்து, எழுதிய பதில்களை 'ரெப்' கோப்பாக அடுத்த அழைப்பில் ஏற்ற வேண்டும்.

மெசேஜ் ஒன்றுக்கு ஒன்றரை கிலோபைட் என்று வைத்து, 200 மெசேஜ் என்றால் 300 கிலோபைட். லைனில் படித்தால், யோசிக்காமல் கொட்டவிட்டாலும் 21 நிமிடம் ஓடும். ஜிப்பில் சுருங்கி 120 கிலோபைட் ஆனால் எட்டரை நிமிடம். 14400 மோடம் இருந்தால் ஒன்றரை நிமிடம் போதும். அண்ணன் ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் என் அறையில் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு மாற்றம் அந்த வீட்டில் தந்த நிம்மதிக்காகவே க்விக்கை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

படிப்பானும் முக்கியம். கிரெக் ஹியூகில் எழுதிய ஸில்லி லிட்டில் மெயில் ரீடர் பேருக்கு மாறாக மிகக் கெட்டிக்காரப் புரோகிராம். சொல்லைக் கொடுத்துத் தேடலாம், வேண்டாத ஆளை வடிகட்டலாம், ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு போகலாம். இத்தனையையும் கடிகாரம் ஓடாமல் செய்யலாம்.

குறைகள் வடிவத்துக்குள்ளேயே இருக்கின்றன. மெசேஜ்கள் 128 பைட் கட்டங்களாக அடுக்கப்படுகின்றன. அனுப்புநர், பெறுநர், தலைப்பு மூன்றுக்கும் தலா 25 எழுத்துதான் இடம். தகப்பனார் பெயரோடு சேர்த்து முழுப்பெயர் எழுதுகிற நம் ஆட்களுக்குப் பாதியில் வெட்டு விழும். நீண்ட தலைப்புகள் அறுந்துபோய், வெவ்வேறு இழைகள் ஒன்றாகத் தெரியும்.

இன்னொன்று வலிக்கிற குறை. வரி முடிவைக் குறிக்க க்விக் 227-ம் எண் பைட்டை எடுத்துக்கொண்டது. அமெரிக்க பிசியின் எழுத்துத் தொகுப்பில் அந்த இடத்தில் பை குறி இருந்தது, யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்திருப்பார்கள். ரஷ்யர்கள் டாஸில் பயன்படுத்திய 866 தொகுப்பில் அதே எண் 'உ' ஒலிக்கான சின்ன எழுத்து. விதியை அப்படியே பின்பற்றும் படிப்பானில் அந்த எழுத்து வருகிற இடமெல்லாம் வரி உடையும். போர்டுகளை ஒன்றோடொன்று இணைத்த ஃபிடோநெட் வலையும் இதில் சுத்தமில்லை. அங்கே 141-ம் எண் 'மென் வரிமுடிவு' என்று ஒதுக்கப்பட்டது. அது ரஷ்யப் பெரிய 'ந' எழுத்தின் இடம். மென்பொருள் அதை விழுங்கிவிடுவதால், ரஷ்யப் பயனர்கள் அதே உருவம் கொண்ட ஆங்கில 'எச்' எழுத்தை அந்த இடத்தில் தட்டிப் பழகினார்கள். ஒரு மொழியை மட்டும் மனதில் வைத்து வடிவம் வகுத்தால் மற்ற மொழிக்காரன் தன் எழுத்தையே மாற்றிக்கொள்ள வேண்டிவருகிறது. தமிழைக் கணினிக்குள் கொண்டுவரப் பட்ட பாடு தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ப்ளூ வேவ்

ஜார்ஜ் ஹாட்ச்சூவின் ப்ளூ வேவும் மூட்டைதான், ஆனால் விவரமாகக் கட்டிய மூட்டை. பெயருக்கு 36 எழுத்து, தலைப்புக்கு 72, ஃபிடோநெட் அளவுகளுக்குச் சரியாகப் பொருந்தும். ஃபிடோ முகவரிக்குத் தனி இடம் இருப்பதால் ஒருவருக்குத் தனியாக நெட்மெயில் அனுப்ப முடியும். க்விக்கில் அந்த முகவரிக்குக் கட்டமே கிடையாது, ஏதாவது உபாயம் செய்ய வேண்டும். எந்தப் பகுதிகள் வேண்டும், எந்தக் கோப்பு வேண்டும் என்பதையும் வீட்டிலிருந்தே குறித்து அனுப்பலாம்.

இரண்டில் எது? ஃபிடோ போர்டு என்றால் தயங்காமல் ப்ளூ வேவ் என்பேன். ஆனால் அந்தப் போர்டில் அதன் டோர் இருக்க வேண்டும். க்விக் அந்த நாளில் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் கிடைக்கும். ஐந்தாறு போர்டுகளில் சுற்றுகிறவர் ஒரே படிப்பானில் எல்லாவற்றையும் முடிக்க நினைத்தால் க்விக்கோடு போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பாயிண்ட் ஆகிவிடுவது

1984-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட்டில் ஒவ்வொரு போர்டுக்கும் மண்டலம், வலை, முனை என்று முகவரி உண்டு. அதன் கடைசியில் ஒரு புள்ளியும் எண்ணும் சேர்த்தால் அது உங்கள் முகவரி. அதுதான் பாயிண்ட். நீங்கள் போர்டுக்குள் நுழைவதே இல்லை. ஃப்ரண்ட்டோர், பிங்க்லிடெர்ம் போன்ற ஒரு மெயிலர் புரோகிராம் உங்களுக்குப் பதிலாகக் கூப்பிட்டு அஞ்சலைக் கொடுத்து வாங்கி வரும். கோல்டெட் என்ற எடிட்டரில் உட்கார்ந்து படிக்கலாம்.

மெசேஜ் பகுதிகளைச் சேர்ப்பதும் விடுவதும் ஒரு மெசேஜ்தான். பெறுநர் 'ஏரியாஃபிக்ஸ்', தலைப்பில் கடவுச்சொல், உடலில் கூட்டல் குறி போட்டு ஒரு பகுதியின் பெயர், கழித்தல் குறி போட்டு இன்னொன்று. அவ்வளவுதான். படிக்கும் அனுபவத்தில் இதற்கு ஈடு கிடையாது. பழைய மெசேஜ்கள் உங்கள் டிஸ்கிலேயே இருப்பதால் மூன்று மாதத்துக்கு முந்தைய வாதத்தையும் எடுத்துப் பார்க்கலாம்.

இதற்கு விலை உண்டு. மெயிலர், பிரித்தடுக்கும் டாஸர், எடிட்டர் மூன்றையும் நீங்களே அமைக்க வேண்டும். எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. 40 மெகாபைட் டிஸ்கில், நாள் கணக்கு வைத்துப் பழையதைக் கழிக்காவிட்டால் இடம் நிரம்பிவிடும். உங்களை ஏற்றுக்கொள்ள ஒரு சிஸாப் மனது வைக்கவும் வேண்டும். தினமும் இரண்டு பகுதி மட்டும் படிக்கிறவருக்கு இது தேவையே இல்லை.

நான் கடைசியில் வந்து நின்ற ஏற்பாடு இதுதான். உள்ளூர்ச் சின்னப் போர்டு ஒன்றை லைனிலேயே படிப்பது, மற்ற எல்லாம் ப்ளூ வேவ் அல்லது க்விக் மூட்டை. ஒரே போர்டில் இரண்டையும் கலக்காதீர்கள். பல போர்டுகளில் 'கடைசியாகப் படித்தது' என்ற குறி இரண்டுக்கும் பொது. லைனில் போய்க் கடைசி மெசேஜை மட்டும் எட்டிப் பார்த்தால் குறி அங்கே நகர்ந்துவிடும், நடுவில் உள்ளவை மூட்டைக்கு வராது. இப்படி ஒரு வாரத்து மெசேஜ்களை இழந்திருக்கிறேன்.

ரெப் கோப்பை ஏற்றும்போது லைன் அறுந்தால் உடனே திரும்ப ஏற்ற வேண்டாம். முழுதாகப் போய்ச் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு பதிலும் இரண்டு தரம் ஊரெல்லாம் போகும். கோப்பை அழிக்கவும் வேண்டாம், வேறு பெயரில் எடுத்து வையுங்கள். 'என் மெசேஜையும் சேர்த்துக் கட்டு' என்று பல டோர்களில் ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். மறுநாள் மூட்டையைப் பிரித்ததும் முதலில் நேற்று எழுதியது அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு எடுத்து வைத்த கோப்பை அழிக்கலாம்.