ஹைட்ராலிக் ஆயில் சோதனை: டைட்ரேஷனும் ஹாட் பிளேட்டும் பயன்பாட்டில் எப்படி?

பிரஸ், மோல்டிங் மெஷின்களில் ஓடும் 68 கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) ஹைட்ராலிக் ஆயிலை ஷாப்பிலேயே பார்த்துக்கொள்ள இரண்டு சோதனைகள் கைகொடுக்கின்றன: அமிலத்தை அளக்க டைட்ரேஷன், தண்ணீரைக் கண்டுபிடிக்க ஹாட் பிளேட். ஆனால் சாம்பிள் எடுப்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. டேங்க் அடி வால்வில் பிடித்தால் வண்டலும் தண்ணீரும்தான் வரும். மெஷின் ஓடி ஆயில் சூடாக இருக்கும்போது, ரிட்டர்ன் லைனில் ஃபில்டருக்கு முன்னால், குழாயில் தேங்கியதை வெளியே விட்டபின் பிடிக்க வேண்டும்.

அமில எண் என்பது ஒரு கிராம் ஆயிலில் உள்ள அமிலத்தைச் சமன்செய்ய எத்தனை மில்லிகிராம் கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) வேண்டும் என்ற கணக்கு. இதற்கு 20 கிராம் ஆயில். டொலுவீன், ஐசோபுரொப்பனால், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்த கரைசல் 100 மில்லியில் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் நாப்தால்பென்சீயின் சேர்த்து, 0.1 மோலார் வலுவுள்ள கேஓஎச் கரைசலைச் சொட்டவிட வேண்டும். நிறம் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறி 15 விநாடி நின்றால் முடிந்தது. பிளாங்க் (ஆயில் இல்லாமல் கரைசலுக்கு மட்டும்) 0.1 மில்லி, சாம்பிள் 3.7 மில்லி கேஓஎச் செலவானால், வித்தியாசம் 3.6; 3.6 × 0.1 × 56.1 (கேஓஎச்-இன் மூலக்கூறு எடை) ÷ 20, அதாவது அமில எண் 1.01. ஆயில் கறுத்திருந்தால் நிறமே தெரியாது. சாம்பிளை 2 கிராமாகக் குறைத்தால் தெரியும், ஆனால் 0.1 மில்லி பிசகினாலே எண் 0.28 தள்ளிப்போகும். டீசல் எஞ்சின் ஆயிலுக்கு இந்த முறையை எடுக்கவே வேண்டாம்.

அதிகம் ஏமாற்றுவது கேஓஎச் பாட்டில்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து வலு குறையும், கூடுதலாகச் செலவாகும், நல்ல ஆயிலும் கெட்டதாகக் காட்டும். மூடியில் சோடா லைம் குழாய் வைத்து, அடிக்கடி பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டால் (வலுவை ஒப்பிட உதவும் சுத்தமான அமில உப்பு) வலுவைச் சரிபார்ப்பது அவசியம்.

தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் சேர்மானமுள்ள ஆயில் புதிதிலேயே அமில எண் காட்டும். அதனால் டிரம் திறந்ததும் அளந்து எழுதிவைக்க வேண்டும். ஓடும்போது அந்த ஜிங்க் சேர்மானம் தீரத் தீர, எண் முதலில் இறங்கிப் பிறகுதான் ஏறும். இறங்கியதைப் பார்த்து ஆயில் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு. புது ஆயிலின் எண்ணை விட 1.0 ஏறினால் மாற்றிவிடலாம்.

தண்ணீருக்கு 160 டிகிரி ஹாட் பிளேட். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பிளேட்டில் ஒரு சொட்டு விட்டால் போதும்; கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பொடிக் குமிழி வந்து உடனே மறைந்தால் தண்ணீர் ஏறக்குறைய 0.05 முதல் 0.1 சதவீதம். படபடவென்று வெடித்தால் 0.2-க்கு மேல். ஆயிலில் கரைந்த கொஞ்சத் தண்ணீர் இதில் சிக்காது. அதற்கு லேபில் செய்யும் கார்ல் ஃபிஷர் என்ற தண்ணீர் அளவீட்டுச் சோதனைதான். கூலர் கசிவு சந்தேகம் இருந்தால் லேபுக்கு அனுப்பிவிடுவது மேல்.