கெர்னல் ஹெடர்கள்: ஆர்க்கிடெக்சருக்கு ஒரு பிரதியா, பொது ஹெடரா?

லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மாறிலிகளையும் ஸ்ட்ரக்ட்களையும் வரையறுக்கும் ஃபைல்களே ஹெடர்கள். அவற்றில் சில மதிப்புகள் ஆர்க்கிடெக்சருக்கு, அதாவது எக்ஸ்86, ஆர்ம் போன்ற செயலி வகைக்கு, ஏற்ப மாறும். கோப்பைத் திறக்கும்போது கேஷைத் தவிர்க்கச் சொல்லும் ஓ_டைரக்ட் கொடியின் மதிப்பு எக்ஸ்86-இல் ஆக்டல் (எட்டடிமான எண்) 040000. ஆர்ம், ஆர்ம்64 இரண்டிலும் அதே எண் ஓ_டைரக்டரியை, அதாவது அடைவை மட்டும் திறக்கச் சொல்லும் கொடியை, குறிக்கிறது. பெயருக்குப் பதில் எண்ணையே எழுதிய நிரலை ஆர்முக்குக் கொண்டுபோனால், சாதாரணக் கோப்பைத் திறக்கும்போது 'இது அடைவு இல்லை' என்று பிழை வரும். பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் இந்த எண்களை இனி மாற்றவும் முடியாது. வேறுபாடுகளை எந்த அமைப்பில் பராமரிப்பது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. வழிகள் மூன்று: ஆர்க்கிடெக்சருக்கு ஒரு பிரதி, அட்டவணை, பொது ஹெடர்.

ஆர்க்கிடெக்சருக்கு ஒரு முழுப் பிரதி வைத்தால் படிக்கச் சுலபம். ஒரே ஃபைலில் எல்லா மதிப்பும் தெரியும். ஆனால் புதுக் கொடி ஒன்று வந்தால் அத்தனை பிரதியிலும் சேர்க்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும், 'இஃப்டெஃப்' (பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும்) போட்டு எழுதிய நிரல் அந்த வசதியைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். பிரதிதான் வேண்டுமென்றால் கூடவே பிரதிகளை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் ஒரு டிஃப் ஸ்கிரிப்ட் அவசியம். செயல்திறனை அளக்கும் பெர்ஃப் கருவி கெர்னல் ஹெடர்களின் பிரதிகளை அப்படித்தான் கண்காணிக்கிறது.

அட்டவணையிலிருந்து ஹெடரை உருவாக்குவது சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்பு) எண்களுக்குச் சரி. ரைட் அழைப்பு எக்ஸ்86-64-இல் 1, ஐ386-இல் 4, ஆர்ம்64-இல் 64. கெர்னல் 5.1 முதல், 424-இல் தொடங்கி, புது அழைப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே எண். ஆல்ஃபா ஆர்க்கிடெக்சர் 110 கூட்டிக்கொள்ளும். ஆனால் ஹெடருக்குள்ளேயே முழுதாக எழுதப்படும் இன்லைன் ஃபங்ஷன்களை அட்டவணையில் அடைக்க முடியாது.

என் சாய்வு பொது ஹெடர், அதாவது எல்லா ஆர்க்கிடெக்சரும் பகிரும் ஏஎஸ்எம்-ஜெனரிக் பக்கம். காரணம் பராமரிப்பு. பொது ஃபைலில், ஆர்க்கிடெக்சர் மாற்றக்கூடிய மேக்ரோக்கள் 'இஃப்என்டெஃப்' (பெயர் ஏற்கெனவே வரையறுக்கப்படாவிட்டால் மட்டும்) காவலுக்குள் இருக்கும். ஆர்ம்64-இன் எஃப்சிஎன்டிஎல் ஹெடர் (கோப்பு திறக்கும் கொடிகள் உள்ளது) வேறுபடும் நான்கு கொடிகளை மட்டும் எழுதிவிட்டு, கடைசி வரியில் பொது ஹெடரை இன்க்ளூட் செய்கிறது. வேறுபாடே இல்லாத ஆர்க்கிடெக்சருக்குத் தனி ஃபைலே வேண்டாம். கெர்னலின் பில்ட் அமைப்பான கேபில்டில் 'ஜெனரிக்-ஒய்' அல்லது 'மேண்டேட்டரி-ஒய்' வரி இருந்தால் போதும். பில்டின்போது ஒற்றை வரி ஹெடர் தானாக உருவாகும். புதுக் கொடியை ஒரே இடத்தில் சேர்த்தால் எல்லாருக்கும் போய்ச் சேரும்.

இதிலும் பொறி உண்டு. இன்க்ளூட் வரியை மேலே வைத்துவிட்டால் மறுவரையறை எச்சரிக்கை வரும், அது நல்லது. ஆபத்து எழுத்துப்பிழையில் இருக்கிறது. ஆர்ம் ஹெடரில் ஓ_டைரக்ட் என்ற பெயர் ஓர் எழுத்து பிசகினால், பொது மதிப்பான 040000 உள்ளே வந்து ஓ_டைரக்டரியோடு மோதும். அந்த ஹெடரைப் படிக்கும்போது கம்பைலர் வாயே திறக்காது. அதனால் மேலெழுதிய ஒவ்வொரு மாறிலிக்கும் ஒரு ஸ்டாட்டிக் அசர்ட் (மதிப்பு தவறினால் கம்பைலையே நிறுத்தும் சோதனை) எழுதுங்கள்.

ஸ்ட்ரக்ட் அமைப்பை, அதாவது அதன் புலங்கள் நினைவகத்தில் அமரும் விதத்தை, இந்த மூன்று வழியுமே காப்பாற்றாது. பல கோப்புகளின் நிகழ்வுகளைக் கவனிக்க உதவும் ஈபோல் ஈவென்ட் ஸ்ட்ரக்ட் எக்ஸ்86-64-இல் 12 பைட், ஆர்ம்64-இல் 16. 64-பிட் முழு எண்ணை ஐ386 நான்கு பைட் எல்லையில் வைக்கும், ஆர்ம் எட்டில். நிலையான அளவுள்ள வகைகள், வெளிப்படையான பேடிங் (இடைவெளி நிரப்பும் பைட்கள்), அளவுக்கும் ஆஃப்செட்டுக்கும் (புலம் தொடங்கும் இடம்) அசர்ட் என மூன்றும் வேண்டும்.

இரண்டே ஆர்க்கிடெக்சர் உள்ள சிறு திட்டத்துக்குப் பிரதியும் டிஃப்பும் போதலாம். மூன்றைத் தாண்டினால் பொது ஹெடருக்கு மாறுங்கள். மாறும்போது, பழைய அமைப்பிலும் புதியதிலும் ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் பயனர் நிரல்களுக்கான ஹெடர்களை எடுத்துவைக்கும் 'ஹெடர்ஸ்_இன்ஸ்டால்' ஓட்டி, மாறிலிகளின் மதிப்பை அச்சிடும் ஒரு சிறு நிரலால் ஒப்பிடுங்கள். ஜிசிசி கம்பைலர் தரும் மேக்ரோ பட்டியலை அப்படியே டிஃப் செய்ய வேண்டாம்: 040000, 00040000 இரண்டும் ஒரே எண்தான், டிஃப்புக்கு அது தெரியாது.