காது மெஷின் வாங்கப் போகிறீர்களா? எங்கள் 38,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மதியம் ஆறாவது தடவையாக அந்தக் கடையின் மாடிப்படியை வெறுங்கையோடு இறங்கி வந்தேன். இறங்கும்போது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடு கண்ணு, எனக்குக் கேக்காட்டிப் போகுது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. பக்கத்து வீட்டு வக்கீல் ஒருவர், புகார் கொடுக்கும் வரை பெயரை எங்கேயும் எழுதாதே என்று சொல்லியிருக்கிறார். ஈரோட்டில் மாடியில் இருக்கும் ஒரு காது மெஷின் கடை, அவ்வளவு போதும். இந்த மாதிரிக் கடை இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது.

அப்பா பள்ளிபாளையத்தில் 31 வருஷம் பவர்லூம் ஓட்டியவர். தறி ஷெட்டுக்குள் ஒரு தடவை போய் நின்று பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். அங்கே காதில் பஞ்சு கூட வைக்காமல் ஷிஃப்ட் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு நாலைந்து வருஷமாக ஒரே புலம்பல்தான்: "சத்தம் கேக்குது கண்ணு, வார்த்தைதான் புரிய மாட்டேங்குது." நாங்கள் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டதுதான் மிச்சம். போன வருஷமே கூட்டிப் போயிருக்க வேண்டும். சரி, அது என் தப்பு.

ஆடி மாதம் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்தது. இலவசக் காது பரிசோதனை, ஆடித் தள்ளுபடி 30 சதவீதம், காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் மெஷின், 55,000 ரூபாய் மெஷின் 38,500 ரூபாய்க்கு. துணிக்கும் நகைக்கும்தான் ஆடித் தள்ளுபடி என்று நினைத்திருந்தேன், காதுக்கும் வந்துவிட்டதே என்று வீட்டில் சிரித்தோம். சிரித்துவிட்டு அந்தச் சனிக்கிழமையே போய் நின்றோம், பாருங்கள்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன் சோதனை செய்தான். கதவு திறந்தே கிடந்தது, கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி, பத்து நிமிடத்தில் முடித்து ஒரு பேப்பரில் கோடு போட்டான். காதுக்குள் ஒரு டார்ச் கூட அடித்துப் பார்க்கவில்லை. இதெல்லாம் இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. லேப்டாப்பில் ஒயர் போட்டு இணைத்த ஒரு மெஷினை அப்பாவின் இடது காதில் மாட்டினான். ஏதோ தட்டினான். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கண்ணை மட்டும் சுழற்றி அறையைப் பார்த்தார், தலையைத் தூக்கி மேலே பார்த்தார். "இந்த ஃபேனுக்கு எண்ணெய் போடக் கூடாதாப்பா? பேரிங் அழுகுது" என்றார். நான் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன், உண்மையிலேயே ஃபேன் கிரீச் கிரீச் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பையன் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவான குரலில், "ஐயா, உங்க பேத்தி என்னங்க படிக்குது?" என்றான். அப்பா திரும்பாமலே, "ஏழாவது" என்றார். என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

அந்த நிமிஷத்தில் அவன் ஒரு லட்சம் கேட்டிருந்தாலும் எங்கேயாவது புரட்டிக் கொடுத்திருப்பேன். 38,500 ரூபாய், சீட்டு எடுத்த பணம், அங்கேயே போனில் அனுப்பினேன். வேறு கடையில் கேட்டுப் பார்க்கலாம் என்ற நினைப்பே வரவில்லை. "இருங்கக்கா, புது பீஸ் உள்ளேருந்து எடுத்துட்டு வர்றேன்" என்று போனவன், ஒரு சின்னத் துணிப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டி? "பெட்டி ஹெட் ஆபீஸ்ல இருக்குங்க, வந்துடும்." பார்க்க அதே நிறம், அதே வடிவம். காது அளவுக்கு மோல்டு செய்ய ரோஸ் நிறப் பசையைக் காதில் ஊற்றி அச்சு எடுத்தான், ஒரு வாரத்தில் வரும் என்றான், அதுவரைக்கும் ஒரு ரெடிமேட் ரப்பர் மொட்டு. அந்த மோல்டு இன்று வரை வரவில்லை.

பில்லைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லெட்டர் பேடில் கையால் எழுதிக் கொடுத்தான்: மெஷின் 32,627, ஜிஎஸ்டி 18 சதவீதம் 5,873, ஆக மொத்தம் 38,500. ஜிஎஸ்டி எண் எங்கேயும் இல்லை. நான் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், தினமும் ஜிஎஸ்டி பில்லிலேயே விழுந்து எழுகிறவள், எனக்கே அன்றைக்கு உறைக்கவில்லை. காது கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. வரிவிலக்குப் பட்டியலில் இருக்கிறது. இல்லாத வரிக்கு 5,873 ரூபாய் கட்டிவிட்டு வந்த கணக்குப்பிள்ளை நான்.

வீட்டுக்கு வந்த மறுநாளே விசிலடிக்க ஆரம்பித்தது. அப்பா வாயை மென்றால் விசில், தலையணையில் சாய்ந்தால் விசில், பேத்தி கட்டிப்பிடித்தால் விசில். பேட்டரி இரண்டே நாளில் தீர்ந்தது. இதில் எங்கள் தப்பும் கொஞ்சம் உண்டு. 13-ஆம் நம்பர் பேட்டரி, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டி ஆறு ஆறாக அட்டையில் வரும். அப்பாவுக்கு நகத்தால் உரிக்க வரவில்லை என்று அம்மா ஆறு ஸ்டிக்கரையும் மொத்தமாக உரித்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். அந்த ஸ்டிக்கரை எடுத்து, காற்றுப் பட்டவுடனே பேட்டரி வேலை செய்ய ஆரம்பித்துவிடுமாம், திரும்ப ஒட்டினாலும் பெரிய பிரயோஜனம் கிடையாதாம். சொன்னால்தானே தெரியும்? 38,500 ரூபாய் வாங்கியவனுக்கு அதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

முதல் தடவை திரும்பப் போனபோது, "பழகப் பழகச் சரியாயிடுங்க" என்றான். இரண்டாவது தடவை, பக்கவாட்டில் இருக்கும் குட்டி சுவிட்சைத் தட்டிக் காட்டி, "பாருங்கக்கா, ஐயா T-ல வச்சிருக்காரு, அது டெலிபோனுக்கு, M-ல வச்சாத்தான் கேட்கும்" என்று எங்களையே முட்டாளாக்கி அனுப்பினான். M-இல் வைத்தால் விசில் அடிக்கிறது என்றுதான் அவர் T-க்குத் தள்ளியிருந்தார் என்று சொன்னேன், போன் வந்துவிட்டது அவனுக்கு. மூன்றாவது தடவை டெக்னீஷியன் லீவு, அவர் வாரத்தில் ஒரு நாள்தான் கோயம்புத்தூரிலிருந்து வருவாராம். எந்த நாள்? "அது சொல்ல முடியாதுங்க." நடுவில் நான் செய்த போன்களுக்குக் கணக்கே இல்லை. முதலில் எடுத்தார்கள், அப்புறம் வாட்ஸப்பில் கும்பிடு பொம்மை வந்தது, அப்புறம் நீல டிக் மட்டும்.

நாலாவது தடவைதான் ரத்தம் கொதித்தது. மெஷினை வாங்கி உள்ளே போனவன் ஐந்து நிமிஷத்தில் வந்து, "தண்ணி பட்டிருக்கு, போர்டு போச்சு. தண்ணிக்கு வாரண்ட்டி கிடையாது. சர்வீஸுக்கு 6,500 ஆகும்" என்றான். என் அம்மா அந்த மெஷினை எப்படி வைத்திருந்தார் தெரியுமா? ராத்திரி ஒன்பது மணிக்குக் கழற்றுவார், அப்பாவின் பழைய வேட்டித் துண்டால் துடைப்பார், பேட்டரிக் கதவைத் திறந்து வைப்பார், மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்த எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து மூடுவார். குளிக்கும்போதும், தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் மெஷின் அப்பா காதில் இருந்ததே இல்லை. கோயில் நகையைக் கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்கு 6,500 கொடுக்காமல் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு வந்து, மறுநாள் அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனோம். முதலில் அங்கே போயிருக்கலாம், வரிசை நீளம் என்று சோம்பல். டாக்டர் காதுக்குள் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். இடது காதில் புளியங்கொட்டை நிறத்தில் அழுக்கு கெட்டியாக அடைத்திருக்கிறது. அதன் மேலேயே அந்தப் பையன் பசையை ஊற்றி அச்சு எடுத்திருக்கிறான்! ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டு வரச் சொல்லி, அழுக்கை எடுத்து, அதற்குப் பிறகுதான் சோதனை. சத்தம் புகாத அறை, கனமான கதவு, முக்கால் மணி நேரம். ஹெட்போன் வைத்து ஒரு தடவை, காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு அதிர்வுக் கட்டையை வைத்து இன்னொரு தடவை.

சோதனை செய்த ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) மேடம் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கடைக்காரன் பேப்பரில் எல்லாக் குறியும் 60 டெசிபலில், ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேர்கோடு. ஆஸ்பத்திரி பேப்பரில் கோடு கனத்த சத்தங்களில் ஓரளவு மேலே இருந்து, கீச்சுச் சத்தங்கள் பக்கம் வர வர மலைச்சரிவு மாதிரி இறங்குகிறது (கோடு கீழே போகப் போக அந்தச் சத்தம் காதில் விழுவது குறைவு என்று அர்த்தம்). "தறி ஓட்டுனவங்களுக்கு இப்படித்தாம்மா வரும். கீச்சுச் சத்தம் போனா ச, ட, ப எல்லாம் காதுல விழாது. அதான் ஐயாவுக்கு சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்றார். அப்பா நாலு வருஷமாகச் சொன்ன அதே வார்த்தை.

பிறகு மெஷினைக் கையில் எடுத்தார். காதில் மாட்டும் கொக்கியிலிருந்து வரும் ட்யூப்பை வளைத்தார், அது விறைத்துக்கொண்டு நின்றது, மஞ்சள் அடித்திருந்தது. "புது ட்யூப் நல்லா நெளியும், உள்ள பார்த்தா தெளிவா இருக்கும். ஒரு மாசத்துல இப்படி ஆகாது, யாரோ போட்டு ஓட்டின மெஷின் இது." முதுகில் இருந்த ஒரு சின்ன மூடியை நகத்தால் தூக்கிக் காட்டினார், உள்ளே இரண்டு குட்டித் திருகு. கம்ப்யூட்டரில் இணைக்கவே இடமில்லை, திருகாணியைத் திருப்பித்தான் சத்தத்தைக் கூட்டக் குறைக்க முடியும். பில்லில் எட்டு சேனல் டிஜிட்டல் என்று எழுதியிருக்கிறான். உடம்பில் அடித்திருந்த சீரியல் எண்ணும் வாரண்ட்டி அட்டையில் இருந்ததும் வேறு வேறு. லேப்டாப்பில் மாட்டிக் காட்டியது ஒன்று, கையில் கொடுத்தது இன்னொன்று. தண்ணீர் பட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை, துருவும் இல்லை, பச்சைக் களிம்பும் இல்லை.

அதை எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு ஐந்தாவது தடவை போனேன். ஓனர் என்று ஒருவர் முதல் முறையாக வெளியே வந்தார். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரில அப்படித்தான் சொல்லுவாங்க மேடம்" என்று சிரித்தார், பத்து நாளில் மாற்றித் தருகிறேன் என்றார். இன்று பத்தாவது நாள். அவர் இல்லை. அந்தப் பையனும் வேலையை விட்டுவிட்டானாம். வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தது, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றது, அந்தப் பெண்ணை என்ன சொல்ல. ஃபேன் மட்டும் அதே கிரீச் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கேட்டிருக்காது.

எச்சரிக்கை என்று நிறைய எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நேரம் இல்லை, அவசரமாகச் சிலது. முதலில் காது டாக்டரிடம் காட்டி அழுக்கு இருக்கிறதா பாருங்கள். சத்தம் புகாத அறை இல்லாத இடத்தில் சோதனை செய்துகொள்ளாதீர்கள், சோதிப்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள், வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெட்டி இல்லாமல், எம்.ஆர்.பி. ஒட்டாமல் மெஷினைத் தொடாதீர்கள். காதில் மாட்டிக் காட்டிய அதே மெஷின்தானா என்று சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று கேளுங்கள், நல்ல இடத்தில் ஒத்துக்கொள்வார்களாம். ஜிஎஸ்டி போட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், சான்றிதழ் இருந்தால் அரசே இந்த மெஷினைத் தருகிறது, எனக்கு இதுவும் பணம் போன பிறகுதான் தெரிந்தது. பேட்டரி ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள், ஒவ்வொன்றாக!

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லையாம், வக்கீலும் வேண்டாமாம். கேட்கப் போவது 38,500 ரூபாய், ஒரு ரூபாய் குறையாமல். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டரைக்குச் சாத்திவிடுவார், ஆஸ்பத்திரி பேப்பரையும் அந்தக் கையெழுத்து பில்லையும் மூன்று செட் எடுக்க வேண்டும். போய்விட்டு வந்து கேள்வி இருந்தால் பதில் சொல்கிறேன்.